கடல் கடந்து நான்கு வாரம்

 

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து, மதரஸாப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வராந்தாவில் அமர்ந்திருந்தேன். பழக்கமான நண்பர் ஒருவர் கையில் ஓர் உறையோடு வந்தார். எங்கள் ஊர் பாலாற்றங்கரையில் உள்ளது. அவர் இங்குள்ள தோல் பதனிடும் ஆலையொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்ப்பவர். அவருடைய மூத்த மகள் சிறுமியாக இருந்தபோது என்னிடம் குர்ஆன் ஓதியவள். இப்போது கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை பயில்கின்றாள்.

"ஹஜ்ரத், மகளுக்கு ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான்கு வாரம் அங்கே தங்கிப் படிக்க வேண்டுமாம். பாடத்துக்குக் கட்டணம் இல்லை. போக்குவரத்தும் தங்குமிடமும் நம் பொறுப்பு. அவள் அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. சொந்தக்காரர்கள், 'நாலு வாரத்தில் என்ன படிப்பு? வயசுப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா?' என்கிறார்கள். வீட்டில் இருக்கிற நகையை அடகு வைத்தால் அனுப்பிவிடலாம். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான்" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "பாய், ஒரு வாரம் பொறுத்து வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள்" என்று மட்டும் கூறி அனுப்பினேன். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக உள்ளது. எனினும் சொல்லத்தான் வேண்டும்.

நான் செய்த பிழை

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே வராந்தாவில் வேறொரு தந்தை வந்து இதே போன்றதொரு கேள்வியைக் கேட்டார். அவருடைய மகன் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தான். வெளிநாட்டில் இரண்டு வாரப் பயிற்சி, முடிவில் 'சர்வதேசச் சான்றிதழ்' என்று முகவர் ஒருவர் பளபளப்பான அட்டையொன்றைக் கொடுத்திருந்தார். நான் அந்த அட்டையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கல்விக்காகச் செல்வது நல்ல காரியம்தானே, அனுப்புங்கள்" என்று கூறி, துஆவும் செய்து அனுப்பினேன்.

அந்தப் பிள்ளை போய் வந்தான். பதினான்கு நாட்களில் இரண்டு நாள் ஒரு விடுதி மண்டபத்தில் சொற்பொழிவு. மற்ற நாட்களெல்லாம் பேருந்தில் ஊர் சுற்றல். சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை. அதனை வழங்கிய நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. அவனுடைய கல்லூரி அதனை ஏட்டில் குறித்துக்கொள்ளக்கூட மறுத்துவிட்டது. தகப்பனாரோ அதற்காக வாங்கிய கடனுக்கு இன்றளவும் தவணை கட்டிக்கொண்டிருக்கின்றார், அதுவும் வட்டியோடு! ஜும்ஆவில் என்னைக் காணும்போதெல்லாம் அவர் அன்போடு ஸலாம் கூறுகின்றார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

ஆலோசனை கேட்கப்படுகின்றவனிடம் ஓர் அமானிதம் ஒப்படைக்கப்படுகின்றது. கேள்வி கேட்காமல் ஆலோசனை சொல்வது அந்த அமானிதத்துக்குச் செய்யும் துரோகமல்லவா? ஆகவேதான் இம்முறை ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றை, உங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழக்கூடும் என்பதால், இங்கு எழுதுகின்றேன்.

ஒரு மாதப் பயணம், ஒரேயொரு ஹதீஸ்

கல்விப் பயணம் என்றாலே நம் மேடைகளில் சீன தேசத்தைக் குறிப்பிடும் வாசகம் ஒன்று முழங்கப்படும். அது பலவீனமானது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறியுள்ளதால், அதனை நான் இங்கு ஆதாரமாகக் கொள்ளவில்லை. அதனினும் சிறந்த சான்று நம்மிடம் உண்டு.

மதீனாவில் வாழ்ந்த நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், தாம் நேரில் கேட்டிராத ஒரு நபிமொழியை ஷாம் தேசத்தில் இருக்கும் அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அறிந்து வைத்திருப்பதாகக் கேள்வியுற்றார்கள். ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து, அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் இழைத்த அநீதிகள் மறுமையில் எவ்வாறு தீர்க்கப்படும் என்பது பற்றிய நபிமொழி அது.

போன இடத்தில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கவில்லை. என்ன கேட்கப் போகின்றோம், யாரிடம் கேட்கப் போகின்றோம் என்பதனைப் புறப்படும் முன்பே அறிந்திருந்தார்கள். குறுகிய காலக் கல்விப் பயணத்தின் பயன் இதில்தான் அடங்கியுள்ளது என்று எனக்குத் தோன்றுகின்றது. நான்கு வாரத்தில் ஒரு துறையைக் கற்றுவிட முடியாது. ஆனால் ஒரு கேள்விக்கு விடை தேடிவிட முடியும். கேள்வியே இல்லாமல் போகின்றவனுக்கு நான்கு ஆண்டும் போதாது.

ரோம் நகரத்துப் பெண்மணி

இரண்டாவது செய்தி ஐரோப்பாவிலிருந்து. சோஃபியா கொராதி என்னும் இத்தாலியப் பெண்மணி ரோம் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றுகொண்டிருந்தபோது, 1957ஆம் ஆண்டில் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுகலைத் தகுதியும் பெற்று 1958இல் தாயகம் திரும்பினார். அந்தப் படிப்பைத் தம் பட்டப்படிப்பின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறு ரோமில் விண்ணப்பித்தபோது, அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்தது அவமதிப்புத்தான். வெளிநாட்டில் படித்தது இங்கே செல்லாது என்று கூறி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் அதனை மறக்கவில்லை. தமக்கு நேர்ந்தது அடுத்தவருக்கு நேரக்கூடாது என்று 1969இல் ஒரு கோரிக்கையை எழுதி முன்வைத்தார். அதிகாரிகளையும் பல்கலைக்கழகத் தலைவர்களையும் ஓயாமல் சந்தித்தார். இறுதியில் 1987ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகள் கூடி 'எராஸ்மஸ்' என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கின. முதலாண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் சென்றனர். இன்றுவரை மாணவர், ஆசிரியர், பயிற்சி பெறுவோர் என 1 கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அத்திட்டத்தின் வழியே பயணம் செய்துள்ளனர். 'எராஸ்மஸின் அன்னை' என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண்மணி 2025ஆம் ஆண்டு அக்டோபரில் தமது 91ஆம் வயதில் காலமானார்.

அந்தத் திட்டத்தின் உயிர்நாடி எது தெரியுமா? பயணச் செலவுக்குத் தரப்படும் பணமன்று. ஓர் ஒப்பந்தத் தாள்! மாணவர், அவரை அனுப்பும் கல்லூரி, அவரை ஏற்கும் கல்லூரி ஆகிய மூவரும் பயணத்துக்கு முன்பே அதில் கையொப்பமிடுகின்றனர். என்னென்ன பாடம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை 'கிரெடிட்' எனப்படும் மதிப்பலகு, திரும்பி வந்தபின் தாய்க் கல்லூரி அவற்றில் எதனை ஏற்கும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஐரோப்பிய முறையில் ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 மதிப்பலகுகள். அந்தக் கணக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவானதால், ஒரு நாட்டில் படித்ததை மற்றொரு நாட்டில் அளந்து ஏற்றுக்கொள்ள முடிகின்றது. 2021ஆம் ஆண்டு முதல், 5 நாள் தொடங்கி 30 நாள் வரை மட்டும் நேரில் சென்று, மீதியை வீட்டிலிருந்தே இணையவழியாகப் படித்து முடிக்கும் குறுகிய ஏற்பாடும் அதில் சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே "நாலு வாரத்தில் என்ன படிப்பு?" என்று ஏளனம் செய்வதற்கில்லை.

நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் மதிப்பலகுகளைச் சேமித்து வைக்கும் வங்கி போன்றதோர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுக் கல்லூரியோடு இணைந்து நடத்தும் 'ட்வின்னிங்' படிப்பில், மொத்த மதிப்பலகுகளில் 30 விழுக்காட்டுக்கு மிகாமல் வெளிநாட்டில் பெறலாம் என்று 2022ஆம் ஆண்டின் விதிமுறைகள் கூறுகின்றன. ஆயினும் எந்தக் கல்லூரியும் எந்தச் சான்றிதழையும் தானாகவே ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணிவிடாதீர்கள். போகும் முன்பே உங்கள் பிள்ளையின் கல்லூரியில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். சட்டம் படித்த அந்த ரோம் நகரத்துப் பெண்மணியே இதில் ஏமாற்றம் அடைந்தார் என்றால், நம் வீட்டுப் பிள்ளைகள் எம்மாத்திரம்?

பணம் யார் தருகின்றார்கள்?

இன்னொன்றையும் அறிந்து வியந்தேன். தகுதியுள்ள பிள்ளைகளுக்குச் செலவை ஏற்று அழைக்கும் திட்டங்களும் உலகில் இருக்கவே செய்கின்றன. ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், ஜெர்மன் மொழியை ஓரளவு கற்ற வெளிநாட்டு மாணவர்களுக்குக் கோடைகால மொழிப் பாடங்களுக்கென உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. கனடாவின் மிட்டாக்ஸ் நிறுவனம் நடத்தும் 12 வார ஆய்வுப் பயிற்சியில் இந்திய இளங்கலை மாணவர்கள் பங்குபெற்று வந்துள்ளனர். ஜப்பான் 2014இல் தொடங்கிய சகுரா அறிவியல் திட்டத்தில் நம் நாட்டு மாணவர்கள் குறுகிய காலம் சென்று ஆய்வுக்கூடங்களைக் கண்டு வந்துள்ளனர்.

இவற்றில் பலவற்றுக்குக் கோடையில் பாடம் என்றால் முந்தைய ஆண்டின் இறுதிக்குள்ளேயே விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி அறிவிப்புப் பலகையை நம் பிள்ளைகள் பார்ப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. காலம் கடந்தபின் முகவர் வாசலில் வந்து நிற்கின்றார்.

அந்த முகவர்கள் சிலர் காதோடு சொல்லும் ஆசை வார்த்தை ஒன்றுண்டு: "ஒருமுறை உள்ளே போய்விட்டால் அப்படியே வேலையில் சேர்ந்துகொள்ளலாம்." நம்பாதீர்கள்! ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கான குறுகிய கால விசாவில், 180 நாட்களுக்குள் அதிகபட்சம் 90 நாட்களே தங்கலாம். அந்தக் காலம் கடந்து தங்கினால் பின்னாளில் நுழையவே தடை விதிக்கப்படலாம். படிப்பென்று சொல்லி விசா வாங்கிப் பிழைப்புக்கு ஒளிந்துகொள்வது பொய்யில் தொடங்கும் வாழ்க்கை. அதில் பரக்கத்தை எங்கே தேடுவது? அந்த விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். முகவர் சொல்லும் தொகையில் அது சேர்ந்திருக்கின்றதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாயின் கேள்விகள்

ஒரு வாரம் கழித்து நண்பர் குடும்பத்தோடு வந்தார். முதலில் பிள்ளையிடம்தான் பேசினேன். "அம்மா, நீ எதற்காகப் போக விரும்புகின்றாய்?" என்றேன்.

அவள் தயங்காமல் சொன்னாள்: "ஹஜ்ரத், அங்கே எம்ஷர் என்று ஓர் ஆறு. நிலக்கரிச் சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் நிறைந்த ரூர் வட்டாரத்தில் ஓடுகிறது. சுரங்கம் தோண்டியதால் தரை உள்வாங்கிக்கொண்டே இருந்ததாம். பூமிக்கடியில் குழாய் பதிக்க முடியவில்லை. அதனால் நூறாண்டுக்கு மேல் ஊர்ச் சாக்கடை முழுவதும் திறந்தவெளியில் அந்த ஆற்றிலேயே ஓடியிருக்கிறது. 1992இல் திருத்தத் தொடங்கி, 51 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமிக்கடியில் கழிவுநீர்க் கால்வாய் கட்டி, 2021 முடிவில் ஆற்றைச் சாக்கடையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். நம் பாலாற்றை என்ன செய்யலாம் என்று அங்கே கேட்க வேண்டும்."

நான் நண்பரைப் பார்த்தேன். அவர் தலைகுனிந்திருந்தார். பாலாற்றங்கரை ஆலைகளின் கழிவுநீர் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அப்போது இந்தப் பெண் பிறக்கவேயில்லை. அவள் உண்ட சோறு அந்த ஆலையின் கூலி. அவள் வீட்டுக் கிணற்று நீரைக் குடிக்க முடியாததற்குக் காரணமும் அதே தொழில். இரண்டையும் அறிந்த பிள்ளை கேட்கும் கேள்வி இது. இதனைவிடத் தகுதியான கேள்வியை யார் கொண்டு செல்ல முடியும்?

அடுத்து அவளுடைய தாயார் கேட்டார்: "அங்கே ஹலாலான சாப்பாடு கிடைக்குமா ஹஜ்ரத்? தொழ இடமிருக்குமா? யார் இருக்கிறார்கள் நம்மவர்கள்?"

இவை எள்ளி நகையாடத்தக்க கேள்விகளல்ல. தாய் கேட்காமல் வேறு யார் கேட்பார்? நான் அறிந்தவரை பதில் சொன்னேன். 1961ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனி துருக்கியோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆயிரமாயிரம் துருக்கியர்கள் அந்தச் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் வேலைக்குச் சென்றார்கள். அவர்களுடைய மக்களும் பேரமக்களும் அங்கேயே வாழ்கின்றார்கள். ரூர் வட்டாரத்து டூயிஸ்பர்க் நகரில் 2008இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசலே இருக்கின்றது. ஹலால் இறைச்சிக் கடைகளும் உண்டு. மாணவர் உணவுக்கூடங்களில் காய்கறி உணவும் கிடைக்கும். தொழுகை நேரத்தில்தான் கவனம் வேண்டும். ஜூலை மாதத்தில் அங்கே மஃரிப் இரவு ஒன்பதரை மணியை ஒட்டித்தான் வரும். இஷாவும் சுபுஹும் நெருங்கி வரும். கால அட்டவணையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

கடைசியாகத் தயங்கித் தயங்கி வந்த கேள்வி, பெண் பிள்ளை தனியே போகலாமா என்பது. இதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. மஹ்ரமான ஆண் துணை இன்றியமையாதது என்போர் உண்டு. வழி பாதுகாப்பானதாகவும், நம்பிக்கைக்குரிய பெண்கள் உடன் செல்பவர்களாகவும் இருந்தால் போகலாம் என்போரும் உண்டு. கல்லூரியிலிருந்து நான்கு மாணவிகள் செல்கின்றார்கள், பேராசிரியை ஒருவர் உடன் சென்று உடன் திரும்புகின்றார் என்று கடிதத்தில் இருந்தது. இரு கருத்துகளையும் ஒளிக்காமல் அவர்கள் முன் வைத்தேன். முடிவைப் பெற்றோரிடமே விட்டேன்.

எழுந்து போகும் முன் மூன்று காரியங்களைச் செய்யச் சொன்னேன். கல்லூரியில் மதிப்பலகு பற்றி எழுத்து மூலம் கடிதம் வாங்குவது. அழைத்த பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியை மூலம் எழுதி உறுதி செய்துகொள்வது. நகையை அடகு வைக்காமல் இருப்பது. மூன்றாவதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது. அல்ஹம்து லில்லாஹ்! பிள்ளையின் தாய்மாமன் முன்வந்து வட்டியில்லாத அழகிய கடனாக ஒரு பகுதி கொடுத்தார். அம்மாவின் சீட்டுப் பணம் மீதிக்கு உதவியது.

அவள் கொண்டு வந்தது

அந்தப் பெண் ஜூலையில் சென்று ஆகஸ்டில் திரும்பினாள். அவளுடைய கல்லூரி ஒப்புக்கொண்டபடியே மதிப்பலகுகளை ஏற்றது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் மதரஸாவின் பெண் பிள்ளைகளுக்கு முன் கரும்பலகையில் கோடுகள் வரைந்து, ஆற்று நீருக்கு ஒரு வழியும் அழுக்கு நீருக்கு வேறொரு வழியும் எப்படிப் பிரித்தார்கள் என்று விளக்கினாள். ஊர்களும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து பணம் கட்டும் கூட்டமைப்பு ஒன்று அங்கே 1899ஆம் ஆண்டு முதலே இருக்கின்றதாம். "ஆற்றைத் தனியொருவர் கெடுக்கவில்லை, அதனால் தனியொருவர் திருத்தவும் முடியாது என்று அங்கே சொல்லித் தந்தார்கள்" என்றாள். அத்திருத்தத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 550 கோடி யூரோ என்றபோது பிள்ளைகள் வாய் பிளந்தார்கள்.

வாசலருகே நின்று அவள் தகப்பனார் கேட்டுக்கொண்டிருந்தார். கலைந்து போகும்போது என்னிடம் மெதுவாக, "ஹஜ்ரத், எங்கள் முதலாளியிடம் ஒருநாள் இவளை அழைத்துப் போய்ப் பேச வைக்கலாமா என்று பார்க்கிறேன்" என்றார். அழைத்துப் போனாரா, முதலாளி கேட்டாரா என்பது எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் இருபது ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை நாளை இப்படியொரு கடிதத்தோடு வந்தால், வெளிநாடு என்ற பெயரைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். அஞ்சிக் கிழித்தெறியவும் வேண்டாம். அழைப்பது பல்கலைக்கழகமா, முகவரா? படித்ததை நம் கல்லூரி ஏற்குமா? செலவு வட்டியில் முடியுமா? போகின்ற பிள்ளையின் மனத்தில் ஒரு கேள்வி இருக்கின்றதா? இந்த நான்கையும் கேளுங்கள். உங்களிடம் ஆலோசனை கேட்டு வருபவரிடமும் கேளுங்கள். நான் கேட்கத் தவறியதால் ஒரு வீடு இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கின்றது. அந்தத் தந்தையின் பாரத்தை அல்லாஹ் இலேசாக்குவானாக; என் பிழையையும் பொறுத்தருள்வானாக!